ஏரிக்குப் போகக் காசு

1997 டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு அடுத்து வந்த சனிக்கிழமை காலையில், பூதிகோட்டைக்கு அப்பால் இருக்கும் ஓர் ஏரிக்குப் போகிற மண்பாதையில் முதன்முதலாக ஒரு மூங்கிலைக் குறுக்கே போட்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் சிலர் அது 1996 என்று இன்றைக்கும் சாதிக்கிறார்கள். 1996 கிறிஸ்துமஸின்போது என் மகள் பிறக்கவே இல்லை. மூங்கிலுக்கு முன்னால் வேன் நின்றபோது அவள் என் மடியில் அழுதுகொண்டிருந்தாள். ஆகவே 1997தான். இந்த மாதிரி விஷயங்களை நான் விட்டுக்கொடுப்பதில்லை.

வேன் மாமாவுடையது. மாமா என்றால் என் அக்காவின் கணவர். தங்கச் சுரங்கத்தில் பூமிக்கு அடியில் வேலை பார்த்துவிட்டு, 1995ல் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வெளியே வந்தவர். அவரோடு வந்தவர்களில் பலர் கைக்கு வந்த பணத்தை ஒரு கல்யாணத்திலோ ஒரு வீட்டுக் கூரையிலோ கரைத்துவிட்டு, விடிகாலை ரயிலைப் பிடித்துப் பெங்களூருக்குக் காவலாளி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். மாமா அந்த ரயிலில் ஏறுவதில்லை என்று வைராக்கியமாக இருந்தார். பழைய டீசல் வேன் ஒன்றை வாங்கினார். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கியதில் வருவது டீசலுக்கும் வீட்டுக்கும் சரியாக இருந்தது. டயர், இன்சூரன்ஸ், வரி என்று வருடத்துக்கு ஒருமுறை வந்து நிற்கிற செலவுகளைத் தாங்கியது கிறிஸ்துமஸிலிருந்து பொங்கல் வரையிலான பிக்னிக் சவாரிகள்தான். அந்தச் சவாரிகள் நின்றால் வேன் நிற்கும். வேன் நின்றால் ரயில். அக்கா இதை வாய்விட்டுச் சொன்னதில்லை. விடிகாலையில் ரயில் கூவும்போது அடுப்படியில் பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாக வைப்பாள்.

ஸ்கெலட்டன் என்ற எங்கள் சுரங்கக் குடியிருப்பில், சபைக் குடும்பங்களுக்குப் பிக்னிக் என்றால் அந்த ஏரிதான். கரையில் புளியமரங்கள் உண்டு. எதிர்ப்புறம் பிள்ளைகள் ஏறிச் சறுக்கத் தோதான ஒரு பாறை. வீட்டிலிருந்தே பிரியாணிச் சட்டி, பாய், கிரிக்கெட் மட்டை, ஒரு கிடார் எல்லாம் வேன் மேல் ஏறும். எங்கள் பக்கம் மரமே குறைவு. கண்ணைத் திறந்தால் சுரங்கக் கழிவு மண் மலைமலையாகக் குவிந்திருக்கும், காற்றடித்தால் சோற்றில் விழும். அதனால் தண்ணீரும் நிழலும் சேர்ந்து இருக்கிற இடத்தைப் பார்த்தால் எங்களுக்கு ஒரு பேராசை வரும். அதற்குச் சொந்தக்காரர் யாராவது இருப்பார் என்று யோசிக்கத் தோன்றாது.

அந்த மாதங்களில் பங்காருப்பேட்டை தாலுகாவில் போய் வந்தவர்களுக்கு ஒரு காட்சி தெரிந்திருக்கும். அறுத்த ராகிக் கதிரைத் தாளோடு தார்ச்சாலையின் குறுக்கே பரப்பி வைத்திருப்பார்கள். பஸ், லாரி, வேன் எது போனாலும் சக்கரம் கதிரை மிதித்து மணியை உதிர்த்துவிடும். ஓரத்தில் நிற்கிற பெண்கள் ஒவ்வொரு வண்டி போனதும் ஓடிவந்து தாளைப் புரட்டிப் போடுவார்கள். பஸ்காரர்கள் திட்டிக்கொண்டே போவார்கள். மாமாவுக்கு அது பிடிக்கும். தாள்மேல் ஏறும்போது கியரைக் குறைத்து, சக்கரத்துக்கு அடியில் வருகிற நொறுநொறு சத்தத்தைக் கேட்டபடி ஓட்டுவார். அப்போது யாராவது பேசினால் பதில் வராது.

அந்தச் சனிக்கிழமை வேனில் நாலைந்து குடும்பங்கள் இருந்தன. ஏற்பாடெல்லாம் சபைப் பொருளாளர் செய்தது. அவரும் முன்பு சுரங்கத்தில் இருந்தவர்தான், ஆனால் மேலே, ஆபீஸில். தார்ச்சாலையிலிருந்து மண்பாதைக்குத் திரும்பிச் சிறிது தூரம் போனதும் மூங்கில் வந்தது. இரண்டு பக்கமும் கல்மேல் வைத்துக் கட்டியிருந்தார்கள். பக்கத்தில் ஒரு பெண், நாற்பது வயதிருக்கும், தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு நின்றிருந்தாள். மாமா இறங்கிப் போனார். அவள் நிற்கச் சொல்லும் பாவனையில் கையை நீட்டி அவரிடம் வந்தாள்.

மாமாவின் இரண்டு கைகளும் தாமாக மேலே போயின.

சுரங்கத்தில் ஷிஃப்டு முடிந்து மேலே வந்தவர்களை வாசலில் காவலர்கள் தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். யாரும் துளித் தங்கத்தைக்கூட உடம்பில் ஒளித்துக் கொண்டுபோய்விடக் கூடாது. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெற்ற நாள் வரை மாமா அந்த வாசலில் கைகளைத் தூக்கியிருக்கிறார். குறுக்கே ஒரு கழி, பக்கத்தில் ஓர் ஆள், நீட்டிய கை. உடம்புக்கு வேறு எதுவும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

வேன் அதிர்ந்து சிரித்தது. பொருளாளர் ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தினார்: “அண்ணே, அப்பிடியே நாக்கைத் தூக்கிக் காட்டுங்க! அடியில இன்னா கீதுன்னு பாக்கட்டும்!”

அந்தப் பெண் சிரிக்கவில்லை. அடிக்க வருகிறார் என்று எண்ணி இரண்டடி பின்னால் போயிருந்தாள். மாமா கைகளை இறக்கினார். காது வரை சிவந்துவிட்டார்.

“வண்டி உள்ள போகணும்னா துட்டு குடுக்கணும்ணா. ஊர்ல பேசி முடிவாயிடுச்சி” என்றாள் அவள்.

“குடுக்க மாட்டேன்.”

“எவ்ளோம்மா?” என்று பொருளாளர் சட்டைப் பையில் கையை விட்டார்.

“நீங்க கைய எடுங்க சார்” என்றார் மாமா திரும்பாமலே. “ஏரி இன்னா இவங்க பாட்டன் வெட்டினதா?”

“ஏரி சர்க்காரோடது. வழி என்னோடது” என்றாள் அவள்.

அவள் கேட்டது மிகச் சிறிய தொகை. குடும்பத்துக்கு இவ்வளவு என்று பிரித்தால் யாருக்கும் உறைத்திருக்காது. அந்தச் சிரிப்பு எழாமல் இருந்திருந்தால் மாமாவே கொடுத்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். அவர் வேனைத் தார்ச்சாலை வரை பின்னாலேயே ஓட்டிக்கொண்டுபோய் நிறுத்தினார். நாங்கள் பிரியாணிச் சட்டியைக் கழியில் கோத்துத் தோளில் தூக்கிக்கொண்டு, புதுச் செருப்புப் போட்ட பெண்களும் கைக்குழந்தைகளுமாக நடந்தோம். மூங்கில் பக்கம் நாங்கள் வந்தபோது அவள் அதை உயர்த்திப் பிடித்தாள். நடந்து போகிறவர்களுக்குக் காசு கிடையாதாம். அது மாமாவுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

திரும்பி வரும்போது வேனில் யாரும் பாடவில்லை. புத்தாண்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்த இரண்டு குடும்பங்கள் வராமல் நின்றுவிட்டன. ஜனவரி முதல் வாரத்தில் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

“நீ இவ்ளோ புஸ்தகம் படிக்கிறியே, அந்தப் பொம்பளகிட்ட போய் ரெண்டு வார்த்தை பேசேன்டா. இவரு போனா சண்டைதான் போடுவாரு. பொங்கலுக்கு முன்னாடி வர்ற சனிக்கிழமைக்குப் பொருளாளர் வூட்டம்மாகிட்ட கெஞ்சி ஒரு சவாரி வாங்கி வெச்சிகீறேன். அதுவும் போச்சுன்னா அவ்ளோதான்.”

நான் சுரங்கத்துக்குப் போனவனில்லை. கனரக இயந்திரங்கள் செய்யும் தொழிற்சாலையில் மாதச் சம்பளம். மிச்ச நேரம் முழுவதும் படிப்பு. வழியுரிமை பற்றி, பொதுநிலம் பற்றி, பழைய காலச் சுங்கச் சாவடிகள் பற்றியெல்லாம் படித்து வைத்திருந்தேன். ஒரு மாலை ஷிஃப்டு முடிந்ததும் மொபெட்டை எடுத்துக்கொண்டு போனேன். வழி நெடுக என் வாதங்களை வரிசைப்படுத்திக்கொண்டே போனேன். நீர்நிலை எல்லோருக்கும் பொது. அதை அடைய வழியில்லாவிட்டால் பொது என்ற பேச்சுக்குப் பொருளே இல்லை. இன்றைக்கு ஏரிக்குக் காசு என்றால் நாளைக்கு நிலாவுக்கும் கேட்பார்கள். கடைசி வாதம் எனக்கே கொஞ்சம் அதிகமாகப் பட்டது, இருந்தாலும் கைவசம் வைத்துக்கொண்டேன்.

அவள் ஏரிக்கரைக்குச் சற்று முன்னால் இருந்த களத்தில் சாணம் கரைத்த தண்ணீரைத் தெளித்து மெழுகிக்கொண்டிருந்தாள். ஓரத்தில் ராகிப் போர் மிதிபட்டுப் பிரிவதற்குக் காத்து நின்றது. தமிழும் தெலுங்கும் கன்னடமுமாகப் பேசினாள். எனக்கு மூன்றும் பழக்கம்தான்.

“உக்காருங்க சார். களத்து மேல பேடா, வேணாம், ஈரமா கீது. அந்தக் கல்லு மேல.”

கல்மேல் உட்கார்ந்து, நீர்நிலை எல்லோருக்கும் பொது என்று தொடங்கினேன்.

“யாரு இல்லேன்னாங்க? நடந்து போங்க, ஆடு ஓட்டிகினு போங்க, நான் கேக்கவே மாட்டேன். சக்கரம் வந்தா அத நிறுத்த எடம் வேணுமில்ல? ஏரிகிட்ட சமமா கீறது இந்தக் களம் ஒண்ணுதான். போன வருசம் பெங்களூர் காருங்க வந்து இது மேலயே நின்னுச்சி. ஆயில் ஒழுகி மண்ணுல ஊறிப்போச்சி. அதுக்கு மேல ராகி அடிச்சி, அரைச்சி, களி கிண்டினா ஒரே டீசல் வாசன. எங்க வூட்டுப் பசங்க துப்பிட்டாங்க. அந்த மண்ண வெட்டி எடுத்துட்டு புது மண்ணு கொட்டி மெழுகிகினு கீறேன். இதுக்குக் கூலி யாரு குடுப்பாங்க? உங்க புஸ்தகமா?”

நான் புத்தகம் என்ற சொல்லையே எடுக்கவில்லை. சட்டைப் பையில் ஒன்று துருத்திக்கொண்டிருந்ததைப் பார்த்திருப்பாள்.

மாமா எனக்குச் சொல்லி அனுப்பிய வாதம் ஒன்று பாக்கி இருந்தது. அதை எடுத்தேன். “ரோட்டுல ராகியைப் போடுறீங்க. எங்க வண்டிங்கதான் மிதிச்சுக் குடுக்குது. அதுக்கு நாங்க என்னைக்காவது கூலி கேட்டோமா?”

அவள் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு சிரித்தாள். “நல்லா கீதே நியாயம்! உங்க வண்டி உங்க வேலையா போவுது. அதுக்கு அடியில ராகியப் போட்டது என் புத்தி. என் புத்திக்கு உங்களுக்குக் கூலியா?”

நிலா வாதத்தை நான் வெளியே எடுக்கவே இல்லை. அவளே பேச்சை மாற்றினாள்.

“அந்த வெள்ளை வேனா உங்களுது? கைய தூக்கினாரே, அவரா? அடிக்கத்தான் வர்றாருன்னு பயந்துட்டேன்.”

கையை ஏன் தூக்கினார் என்று விளக்கினேன். “டெய்லியா? தான் வேலை செஞ்ச எடத்துலயா?” என்று கேட்டாள். பிறகு, “அவரு வண்டி எனக்குத் தெரியும் சார். ராகி மேல மெல்ல ஏறி நடுவுலயே போவும். மத்தவங்க பறக்குறாங்க, தானியமெல்லாம் பள்ளத்துல போய் விழுது. மாடு ரெண்டையும் வித்துட்டேன். டிராக்டர்காரன் வருவான் வருவான்னு பாத்துகினு கீறேன். அவரு வந்து இந்தக் களத்துல கொஞ்சம் சுத்திக் குடுக்கட்டும். துட்டு வேணாம். ஆனா ஒரு சொட்டு ஆயில் விழக்கூடாது” என்றாள்.

எனக்கு இது நல்ல ஏற்பாடாகத் தோன்றியது. அன்று இரவு சாப்பாட்டின்போது மாமாவிடம் சொன்னேன். அவர் பிசைந்த சோற்றைத் தட்டில் போட்டுவிட்டார்.

“நான் இன்னா மாடா?”

“மாடா இருந்தா மூக்குல கயிறு போட்டு இழுத்துகினு போயிருப்பேன்” என்றாள் அக்கா. “இப்பிடி ஊரெல்லாம் கெஞ்சிகினு கீற வேலையே எனக்கு வந்திருக்காது.”

மாமா மறுநாளும் அதற்கு மறுநாளும் வேனுக்கு அடியில் படுத்துக் கிடந்தார். எதையோ கழற்றினார், எதையோ மாற்றினார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சோப்பு போட்டு டயர்களைக் கழுவினார். தெருவில் போன ஒருவர், “இன்னாண்ணே, வண்டிக்கு ஞானஸ்நானமா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

பொங்கலுக்கு முந்தைய சனிக்கிழமை அதே பொருளாளரோடு, ஏறக்குறைய அதே குடும்பங்களோடு போனோம். மூங்கில் உயர்ந்தது. அவள் மாமாவை வேனைக் களத்தின் ஓரத்தில் நிறுத்தச் சொல்லி, எங்களுக்கெல்லாம் மோர் கொடுத்தாள். நாங்கள் குடித்துக்கொண்டிருக்கும்போது புதிதாகச் சாணம் மெழுகிய ஒரு முறத்தைக் கொண்டுவந்து எஞ்சினுக்கு அடியில் வைத்தாள். மோர் முடிந்ததும் எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மாமா வேறெங்கோ பார்ப்பதுபோல் நின்றார். முறத்தில் ஒரு பொட்டும் இல்லை.

“ஏறுங்கண்ணா” என்றாள்.

களம் முழுக்க முழங்கால் உயரத்துக்குக் கதிர் பரப்பியிருந்தது. மாமா வேனை மெல்ல ஏற்றினார். வட்டமாக ஒரு சுற்று, கொஞ்சம் உள்ளே தள்ளி இன்னொரு சுற்று. பிள்ளைகள் ஏரியை மறந்துவிட்டு வேனுக்குள் ஏறிக்கொண்டார்கள். அவளும் வேறு இரண்டு பெண்களும் பின்னாலேயே வந்து தாளைப் புரட்டினார்கள். வேலை நடக்கும் இடத்தில் மாமா எப்படி இருப்பார் என்று நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அவர் வேலை பார்த்த இடம் என் காலுக்குக் கீழே எங்கோ இருந்தது. ஜன்னலை இறக்கிவிட்டு, தலையை வெளியே சாய்த்து, சக்கரத்தின் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு ஓட்டினார். மூன்று வருடமாக அவர் முகத்தில் இருந்த ஒரு சுளிப்பு அன்று இல்லை.

சாப்பிடக் கூப்பிட்டதற்கு, “நீங்க சாப்புடுங்க, இந்தப் போர மிதிச்சிட்டு வரேன்” என்றார். பொருளாளருக்கு அங்கேதான் பொறுக்கவில்லை. இலையில் கறித்துண்டைத் தள்ளி வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்:

“அவரு குடுக்க மாட்டேன்னாரே அந்தத் துட்டு, தலைக்கு ஒரு டீ காசுகூட வராது. அன்னிக்கே நான் குடுத்திருப்பேன். அத மிச்சம் புடிக்கறேன்னு எங்க வண்டியக் கொண்டாந்து செக்குல கட்டிட்டாரு.”

மாமா இறங்கி வந்தபோது அதையே அவர் முகத்துக்கு நேராகவும் சொன்னார்.

“வண்டி என்னுது சார்” என்றார் மாமா.

“வாடகை எங்களுது.”

இருவர் சொன்னதும் சரிதான். நான் கொண்டுபோயிருந்த புத்தகத்தைத் திறந்து ஒரு பக்கத்தையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். பொதுநிலத்தில் யாருக்கு எவ்வளவு உரிமை என்று பெரிய பெரிய அறிஞர்கள் எழுதியதில், வாடகை வேனில் பிக்னிக் வந்தவர்கள் காத்திருக்க வேண்டுமா என்பதற்கு எதுவும் இல்லை.

பிற்பகலில் வானம் மூடியது. ஜனவரியில் அங்கே மழை அபூர்வம். ஆனால் கிழக்கே கறுத்து, காற்றும் குளிர்ந்துவிட்டது. பெண்கள் பாய்களைச் சுருட்டினார்கள். கைக்குழந்தைக்காரர்கள் கிளம்ப வேண்டும் என்றார்கள். களத்தில் பாதிதான் முடிந்திருந்தது. உதிர்ந்த மணியும் உதிராத கதிரும் கலந்து கிடந்தன. அதன்மேல் மழை விழுந்தால் எல்லாம் முளைத்தோ அழுகியோ போகும். அந்தப் பெண் தாளைப் புரட்டுகிற வேகத்தைக் கூட்டினாள்.

நான் மாமாவைத் தனியே அழைத்து, இன்றைக்குரிய காசை நான் கொடுத்துவிடுகிறேன், கிளம்பலாம் என்றேன். பொருளாளர் மனம் கசந்து போனால் சபைச் சவாரி இனிமேல் கிடையாது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

“பாதியில உட்டுட்டு மேல வர்ற பழக்கம் எனக்கு இல்ல மச்சான்” என்றார். “கீழ சுரங்கத்துக் கூரைக்கு முட்டுக்கட்ட பாதி குடுத்துட்டு வந்தா, அடுத்த ஷிஃப்டுக்காரன் தலைல வுழும். கொஞ்ச நேரம்தான். இருக்கச் சொல்லு அவங்கள.”

போய்ச் சொன்னேன். பொருளாளர் எழுந்து வேட்டியை உதறினார். “ஒரு தடவ நடக்க வெச்சாரு, சரி. ரெண்டாம் தடவயும் நடக்கறோம். மூணாவது தடவ கெடையாது.” குடும்பங்கள் சட்டியும் பாயுமாக மண்பாதையில் நடக்கத் தொடங்கின. என் மனைவியும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவர்களோடு போனாள். போகும்போது என்னைப் பார்த்தாள். நான் போயிருக்கலாம், போகவில்லை. ஏன் நின்றேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெளிவில்லை. அவர்கள் தார்ச்சாலையில் நின்று பங்காருப்பேட்டை பஸ்ஸைப் பிடித்தார்கள்.

நானும் தாள் புரட்டினேன். கைகளெல்லாம் கீறி அரிப்பெடுத்தது. மாமா நிறுத்தாமல் சுற்றினார். மணியைக் கூட்டிக் குவித்து, வேன் மேலிருந்த தார்ப்பாயை அவிழ்த்து அதன்மேல் போட்டு மூடி, நாலு மூலையிலும் கல் வைத்து முடித்தோம். எல்லோரும் நிமிர்ந்து வானத்தைப் பார்த்தோம். மேகம் கலைந்து போய்க்கொண்டிருந்தது. அன்றைக்கு ஒரு துளி மழை பெய்யவில்லை.

மறுநாள் ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது யாரும் சண்டை போடவில்லை. எல்லோரும் மாமாவிடம் உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்கள். ஈஸ்டர் திங்கள் பிக்னிக்குக் கோலாரிலிருந்து வேறு வேன் பேசப்பட்டது. ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தபோது சபையைச் சேர்ந்த சில வீடுகள் பிள்ளைகளை ஆட்டோவில் அனுப்பின. அந்த 1998 முழுவதும் அக்கா வீட்டுக்குப் போக எனக்குத் தயக்கமாக இருந்தது. போனால் ரயில் நேரத்தைப் பற்றி யாராவது பேசிவிடுவார்களோ என்று காதைத் தீட்டிக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். மாமா ஒருமுறை பெங்களூருக்குப் போய், காவலாளி வேலைக்கு ஆள் எடுக்கிற ஓர் அலுவலகத்தைப் பார்த்துவிட்டு வந்தார் என்று பிறகுதான் தெரிந்தது. காக்கிச் சட்டைக்கு அளவுகூடக் கொடுத்துவிட்டாராம்.

சட்டை தைத்து வருவதற்குள் அடுத்த ராகி வந்துவிட்டது. நவம்பர் கடைசியில் அந்தப் பெண் பூதிகோட்டைச் சந்தைக்குப் பக்கத்து டெலிபோன் பூத்திலிருந்து மாமாவின் பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டு அவரைக் கூப்பிட்டாள். அவள் களத்துக்கு மட்டுமல்ல, அந்த வரிசையில் இருந்த எல்லாக் களத்துக்கும். டிராக்டர்காரன் கேட்பதைவிடக் குறைவு, எண்ணெய் ஒழுகாது, தானியம் சிதறாது. டீசல் அவர்களுடையது. கூலியில் பாதி பணம், பாதி ராகி. பொங்கல் தாண்டியும் மாமா வீட்டுக்கு வராமல் களத்திலேயே படுத்துக்கொண்ட நாட்கள் உண்டு. ராகியை ஏழை வீட்டுச் சாப்பாடு என்று ஒதுக்கிய அக்கா களி கிண்டக் கற்றுக்கொண்டாள். முதலில் கட்டி கட்டியாக வந்தது. “தின்னு, உன் மாமா மிதிச்சது” என்பாள்.

வருடச் செலவுகளை அந்தக் களங்கள் தாங்கின. அதற்கு மேல் மிச்சம் என்று எதுவும் இல்லை. பிக்னிக் சவாரி மட்டும் திரும்ப வரவே இல்லை.

2001 ஜனவரியில், பொங்கல் விடுமுறையில், நான் மனைவியையும் மகளையும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு அந்த ஏரிக்குப் போனேன். சுரங்கத்தை மூடிவிடுவார்கள் என்று ஊரெங்கும் பேச்சு. அடுத்த மாதக் கடைசியில் மூடியும்விட்டார்கள். ஊரில் எந்தத் தெருவில் நின்றாலும் யாராவது வந்து, தொழிற்சாலையில் ஏதாவது வேலை இருக்கிறதா என்று கேட்டார்கள். ஒரு நாளாவது அதிலிருந்து விலகி உட்கார வேண்டும் என்றிருந்தது.

மூங்கிலுக்குப் பதில் இரும்புக் குழாய் வந்திருந்தது. அந்தப் பெண்தான் நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரித்தாள். நானும் சிரித்துவிட்டு, அவள் குழாயைத் தூக்குவாள் என்று காத்திருந்தேன். அவள் தூக்காமல் களத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அங்கே மாமாவின் வேன் சுற்றிக்கொண்டிருந்தது.

“எனக்குமா?” என்றேன்.

“வாங்கிக்கம்மா!” என்று மாமா ஜன்னலிலிருந்து கத்தினார். “மாசம் பொறந்தா ஃபேக்டரில சம்பளம் வாங்குறாரு. மச்சான், ஸ்கூட்டர புளியமரத்தாண்ட போடு. களத்துல ஏத்தாதே!”

கொடுத்தேன். கொடுப்பதில் எனக்குக் கஷ்டமில்லை. அவள் பக்கம்தான் நியாயம் என்று 1998லேயே முடிவுக்கு வந்துவிட்டிருந்தேன். வருகிறவனுக்கு ஒரு நாள் நிழல், இருக்கிறவளுக்கு வருடம் முழுவதும் அவன் விட்டுப்போன எண்ணெயும் உடைந்த கண்ணாடியும். இதில் யோசிக்க ஒன்றுமில்லை. யாராவது என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன், இன்றைக்கும்.

ஆனால் அன்று நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. மரத்தடியில் பாயை விரித்ததும் நிழல் போதவில்லை என்று பட்டது. இடத்தை மாற்றினோம். தண்ணீர் முன்பைவிடக் கலங்கலாக இருந்தது. பாறையில் யாரோ சுண்ணாம்பால் பெயர் எழுதியிருந்தார்கள். பத்து வருடத்துக்கும் மேலாக அங்கே போய் வந்திருக்கிறேன், ஒருநாளும் இதையெல்லாம் கவனித்ததில்லை. கலங்கலாக இருந்தாலும் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம். இப்போது நான் எழுந்து கரை நெடுகப் போய் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தேன், கடையில் வாங்கிய சட்டையில் தையல் பிரிந்திருக்கிறதா என்று பார்ப்பதைப்போல.

கரையோரம் உடைந்த பாட்டில் கிடந்தது. மகள் வெறுங்காலோடு ஓடிக்கொண்டிருந்தாள். நான் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுக் காட்டினேன். நான் கூப்பிட்ட குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவள் கூடையை எடுத்து வந்து, குந்தி உட்கார்ந்து சில்லுகளைப் பொறுக்கினாள். நானும் குனிந்தேன்.

“வேணாம் சார், நீங்க போய் உக்காருங்க” என்றாள். “இதுக்குத்தானே துட்டு குடுத்தீங்க.”

போய் உட்கார்ந்தேன். அவள் பொறுக்கி முடிக்கிற வரை அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்க முயன்று, முடியாமல், மறுபடி எழுந்தேன்.

“இன்னாத்துக்கு இப்பிடி நடந்துகினே இருக்கீங்க? உக்காந்து சாப்புடுங்க” என்றாள் மனைவி.

சாப்பிட்டோம். மற்ற வருடங்களில் வெயில் தாழ்ந்த பிறகுதான் எழுந்திருப்போம். அன்றைக்குச் சாப்பாடு முடிந்த கையோடு பாயைச் சுருட்டச் சொல்லிவிட்டேன். மகள் அழுதாள். களத்தைக் கடக்கும்போது மாமா வேனை என் பக்கம் கொண்டுவந்து நிறுத்தி, சக்கரத்தில் சுற்றியிருந்த தாளை இழுத்துப் போட இறங்கினார். தலைமுடியிலும் மீசையிலும் ராகித் தூசு படிந்திருந்தது.

“இன்னா மச்சான், அதுக்குள்ள? குடுத்த துட்டுக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்துட்டுத்தான் போயேன்.”

கேலியாகத்தான் சொன்னார். நான் ஸ்கூட்டரை உதைத்தேன். முதல் உதையில் கிளம்பவில்லை.